எக்ஸ்ரேவிலேயே டிபி என்று தெரிந்த பிறகு சளியில் ஜீன் டெஸ்ட் எதற்கு?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு எக்ஸ்ரே பார்த்துக் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கே மாத்திரை தொடங்கலாம் என்கிறார் எங்கள் டாக்டர். சொந்தக்காரர் ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுத்து ஜீன் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். நோய்தான் தெரிந்துவிட்டதே, வீண் அலைச்சல் எதற்கு?"

வீண் அலைச்சல் இல்லை. உங்கள் சொந்தக்காரர் சொல்வதைக் கேளுங்கள். நெஞ்சில் புண் இருக்கிறது என்பதைத்தான் எக்ஸ்ரே காட்டும். அந்தக் கிருமி எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் அப்பா முன்பு ஒரு தடவை டிபி மாத்திரை சாப்பிட்டுப் பாதியில் விட்டவராக இருப்பார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அந்த மனிதர் இவ்வளவு வற்புறுத்தமாட்டார்.

நான் டாக்டர் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருப்பவன். "இவன் யார் மருத்துவம் பேச" என்று வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள். எங்கள் அக்கா வீட்டில் இதை அனுபவித்திருக்கிறோம்.

அத்தான் கல்யாணச் சமையல்காரர். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று சுற்றுவட்டாரத்தில் பெரிய வீட்டு விசேஷம் என்றால் அவர் கைப் பால் பணியாரமும் மண்டியும் வேண்டும் என்று கேட்பவர்கள் இருந்தார்கள். விறகடுப்புப் புகையிலேயே வாழ்ந்தவர் என்பதால் அவர் இருமினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். புகை இருமல் என்று அவரே பேர் வைத்திருந்தார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை டிபி வந்து, தனியார் டாக்டர் ஒருவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். உடம்பு தேறியது, தை முகூர்த்தம் வந்தது, மாத்திரை நின்றது. நம் ஊரில் பாதிப் பேர் கதை இதுதான்.

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த சமயத்தில் மறுபடி ஆரம்பித்தது. இரவில் வேர்வை, சாயங்காலக் காய்ச்சல், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு. வேறொரு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு "பழைய டிபி திரும்பியிருக்கிறது" என்று டிபிக்கு வழக்கமாகக் கொடுக்கிற அதே நாலு மருந்தையும் எழுதிக் கொடுத்தார். சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் ப்ளஸ் என்று வந்தது. கேட்கவில்லை என்றதும் ஒரு ஊசியைக் கூடச் சேர்த்தார். வேலை செய்யாத மருந்துகளோடு புதிதாக ஒன்றை மட்டும் சேர்ப்பது, அந்த ஒன்றையும் கிருமிக்குப் பழக்கிவிடுவதில்தான் முடியும் என்று பிற்பாடு அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். தனியார் டாக்டர்கள் எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே "போய் ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்புகிறவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள்.

கடைசியில் அக்கா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். லேப் பெண் சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தார். அத்தான் அங்கேயே நின்று துப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எச்சில். எனக்குச் சளி வேணும். வாயைக் கொப்பளிச்சிட்டு வெளியில காத்தாடப் போங்க. ரெண்டு மூணு தடவை மூச்சை நல்லா இழுத்துவிட்டு, அடி நெஞ்சுல இருந்து இருமிக் கொண்டாங்க" என்றார். இதை உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். எச்சிலைக் கொடுத்தால் எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமாக இருந்தாலும் ஒன்றும் சொல்லாது. காலையில் எழுந்ததும் வருகிற சளி நல்லது.

அன்று மத்தியானமே ரிப்போர்ட் வந்துவிட்டது. இரண்டு வரி. எம்டிபி டிடெக்டட் என்று ஒன்று, அதாவது டிபி கிருமி இருக்கிறது. ரிஃப் ரெசிஸ்டன்ஸ் டிடெக்டட் என்று இன்னொன்று. ரிஃபாம்பிசின், அதாவது சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அந்த மாத்திரை, வேலை செய்யாது என்று அர்த்தம். நாலு மருந்தில் தலையான மருந்தே அதுதான். அத்தனை நாளும் வெறும் நிறத்துக்காகவா சாப்பிட்டேன் என்று அத்தான் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று எனக்கும் சந்தேகம் வந்தது. முன்பெல்லாம் மருந்து எதிர்ப்பைக் கண்டுபிடிக்கக் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வது, வாரக்கணக்கில் ஆகும். இந்த இயந்திரம் கிருமியை வளர்ப்பதில்லை, அதன் மரபணுவைப் படிக்கிறது. ரிஃபாம்பிசின் போய் ஒட்டுகிற இடத்தை உண்டாக்கும் மரபணுவுக்கு ஆர்பிஓபி என்று பெயர். அதில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் 95 சதவீதம் போல அந்தப் பகுதியில்தான் மாறியிருக்கும். என் கடையில் பழைய செட்டிநாட்டுப் பூட்டுகள் கிடக்கின்றன. உள்ளே ஒரு பல் மாறினால் போதும், சாவி எவ்வளவு நல்லதானாலும் திரும்பாது. அந்தப் பல் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்கிறது இயந்திரம். ஜீன் எக்ஸ்பர்ட் என்கிற இயந்திரத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு. அரசு ஆஸ்பத்திரியில் சிபிநாட் என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் இதை 2010லேயே பரிந்துரைத்துவிட்டது. ட்ரூநாட் என்பது நம் நாட்டிலேயே செய்தது, பேட்டரியிலும் ஓடும். முதல் சிப்பில் டிபி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இன்னொரு சிப்பில் ரிஃபாம்பிசினைப் பார்க்கும். மைக்ரோஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது வேண்டும், இதற்கு நூற்றுச் சொச்சம் போதும். அரசு ஆஸ்பத்திரியில் பைசா வாங்குவதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ரிஃப் நாட் டிடெக்டட் என்று வந்தால் எல்லாம் சரி என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஐசோநியாசிட் என்கிற இன்னொரு முக்கிய மருந்தைப் பற்றி அந்தச் சாதாரணச் சோதனை ஒன்றும் சொல்லாது. அதற்கு லைன் புரோப் அசே என்று வேறு சோதனை, பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். அனுப்பினீர்களா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

அத்தானுக்கு அப்போது கொடுத்தது ஒன்றரை வருஷத்துக்கு மேல் சாப்பிட வேண்டிய மாத்திரைகள். பெடாகுயிலின் இருந்ததால் அடிக்கடி ஈசிஜி எடுத்தார்கள். லினிசோலிட்டில் பாதம் எரிந்தது. குளோஃபசிமினால் முகம் கறுத்துவிட்டது. இப்போது ஆறே மாதத்தில் முடிகிற பிபால்எம் என்ற நாலு மருந்து முறை வந்துவிட்டது, 2024ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. எல்லாருக்கும் பொருந்துமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சத்துணவுக்கு அப்போது மாதம் 500 ரூபாய் கணக்கில் போட்டார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1,000.

கறுத்த முகத்தைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நோய் விஷயம் காதில் விழுந்ததும் அத்தானை வைத்து வேலை வாங்கிய சமையல் கான்ட்ராக்ட்காரர், அந்த முகூர்த்தக் கூலியை அப்படியே நிறுத்திக்கொண்டார். கேட்டால் "ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு" என்றார். ஆகவில்லை. அந்தக் கல்யாணத்தில் நானே மொய் எழுதிவிட்டு வந்தேன், அத்தான் ஊற வைத்துக் கொடுத்த கவுனி அரிசியைத்தான் அங்கே பரிமாறினார்கள். இன்று வரை பணம் வரவில்லை. அந்த ஆள் செட்டிநாட்டுப் பாரம்பரியச் சமையல் என்று போர்டு மாட்டிக்கொண்டு கார் வாங்கிவிட்டார். பேர் சொன்னால் வம்பு.

வீட்டிலும் கூத்துதான். அப்பத்தா, "தாம்பரத்துக்குக் கொண்டு போகணுமாடா" என்று பழைய சானடோரியம் காலத்திலேயே நின்றார். பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டில் ஒன்றை அத்தானுக்கென்று ஒதுக்கி, அதைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். இது தட்டில் பரவுகிற நோய் இல்லை, காற்றில் பரவுவது. அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமுகிறவருக்கு மாஸ்க் கொடுங்கள், வீட்டில் இருக்கிற எல்லாரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எங்களையும் பார்த்தார்கள், யாருக்கும் இல்லை.

இன்னொரு பீதியையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்து கொஞ்ச நாளில், திருப்திக்காக என்று அத்தான் யாருக்கும் சொல்லாமல் தனியார் லேபில் மறுபடி ஜீன் டெஸ்ட் எடுத்துவிட்டார். டிபி இருக்கிறது என்று வந்தது. அக்கா வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. டாக்டரம்மா சிரித்துவிட்டார். இந்தச் சோதனை செத்த கிருமியின் மரபணுவையும் காட்டும், குணமாகிவிட்டதா என்று பார்க்க இதை எடுக்கக் கூடாது, அதற்குக் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர்தான் சரி என்றார். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. அத்தான் இப்போது அடுப்படிக்குத் திரும்பிவிட்டார், சொந்தமாக ஆர்டர் எடுக்கிறார்.

சரி, உங்கள் விஷயம். உங்கள் டாக்டரோடு சண்டை போட வேண்டாம். "முதல் மாத்திரைக்கு முன்னால் சளி கொடுத்துவிடுகிறோம்" என்று சொல்லுங்கள், நல்ல டாக்டர் சம்மதிப்பார். டிபி நோயாளியைத் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012லிருந்தே விதி, அதனால் மறைக்கவும் ஒன்றும் இல்லை. முன்பு சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு ஏதாவது அலமாரியில் இருந்தால் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் வந்து, அந்த இரண்டாவது வரி புரியாவிட்டால் அப்பாவின் பெயரை மறைத்துவிட்டு இங்கே படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.