கோடரிக்கு முன்னால் ஒட்டுக்கத்தி

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். தாத்தா வைத்த 11 ஆப்பிள் மரங்களில் இப்போது 3தான் நிற்கின்றன. கிளையெல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்கிறது. மரத்துக்குப் பத்துப் பதினைந்து பழம்தான் தேறுகிறது. கடையில் கொடுத்த மருந்தை மூன்று முறை அடித்தும் பஞ்சு போகவில்லை. "கிழட்டு மரம், வெட்டிவிட்டுப் புது ரகம் வையுங்கள்" என்கிறார் கடைக்காரர். பழம் சின்னதுதான், ஆனால் வாசனை வீட்டையே தூக்கும். இப்படிப் பழத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: அந்தப் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கறை ஒட்டினால் அது கம்பளி அஸ்வினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால், பஞ்சுக்குள் சில பூச்சிகள் கறுத்து உப்பி, முதுகில் ஊசிமுனை அளவு ஓட்டையோடு கிடக்கும். அஃபெலினஸ் மாலி என்ற மிகச் சிறிய குளவியின் புழு உள்ளேயிருந்து தின்றுவிட்டு வெளியேறிய கூடுகள் அவை. கடை மருந்து பஞ்சுக்குள் இருக்கும் அஸ்வினியை விட்டுவிட்டு, வெளியே பறக்கும் அந்தக் குளவியைத்தான் கொல்லும். எனவே அடிப்பதை நிறுத்துங்கள். கெட்டி பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தூரில் மண்ணை விலக்கி வேரையும் பாருங்கள், அங்கேயும் ஒளிந்திருக்கும்.

காய்ப்புக் குறைவுக்குப் பஞ்சு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆப்பிள் பூவுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். போன 8 மரங்களில் வேறு ரகம் இருந்திருந்தால், அதோடு மகரந்தமும் போயிற்று. பூக்கும் சமயத்தில் வேறு ரக ஆப்பிளின் பூங்கிளைகளை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து மரத்தடியில் நிறுத்திப் பாருங்கள். அந்த நாட்களில் பக்கத்துத் தோட்டத்திலும் மருந்து வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், தேனீ வரட்டும்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். இந்த 3 மரமும் போனால் அந்த வாசனை எங்கே மிஞ்சும்? விதை போட்டால் வராது. ஆப்பிள் விதையில் ஒவ்வொன்றும் புது மரம், தாய் மாதிரி இருக்காது. தாய்மரத்துக் குச்சியை வேறொரு வேர்ச்செடியில் பொருத்திக் கட்டும் ஒட்டு ஒன்றுதான் வழி. இங்கிலாந்தின் சவுத்வெல்லில் 1809-இல் ஒரு சிறுமி நட்ட விதையிலிருந்து வந்ததுதான் பிராம்லி ஆப்பிள். அந்தத் தாய்மரம் பூஞ்சணம் பிடித்து நலிந்தது. ஆனாலும் ரகம் அழியாது, ஏனென்றால் உலகில் உள்ள எல்லா பிராம்லியும் அதிலிருந்து ஒட்டுக் கட்டியவை. உங்கள் மரத்துக்கு அப்படி ஒரு பிள்ளைகூட இல்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. கிழ மரத்தில் ஒட்டுக்குத் தேவையான, பென்சில் தடிமனுள்ள ஒரு வருடக் குச்சி கிடைப்பது அரிது. எல்லாம் குட்டைக் கணுக்களாகத்தான் இருக்கும். அதனால் இந்த டிசம்பர், ஜனவரியில் மரத்துக்கு ஒரு கிளையை மட்டும் கவாத்து செய்து வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணக் காப்பு) பூசுங்கள். அங்கிருந்து விறைப்பாகத் தளிர்கள் கிளம்பும். அடுத்த குளிரில், மொட்டு விழிக்கும் முன் அவற்றை நறுக்குங்கள். ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். அதே ஃபிரிட்ஜில் பழம் வைக்காதீர்கள், பழுக்கும்போது வரும் வாயு மொட்டைக் கெடுத்துவிடும்.

வேர்ச்செடிக்கு எம்.எம்.106 அல்லது எம்.எம்.111 தேடுங்கள், இரண்டும் கம்பளி அஸ்வினியைத் தாங்குபவை. கையருகே இருக்கிறதே என்று நாட்டுப் பேரியில் கட்டிவிடாதீர்கள். தளிர்த்து ஆசை காட்டும், அப்புறம் காய்ந்துவிடும். மரத்துக்கு 4 கன்றாவது கட்டி, பாதியை வேறொருவர் நிலத்தில் நடுங்கள். ஒரே தோட்டத்தில் வைத்த ரகம் அழிய ஒரு ஆடு போதும். கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பழத்தோடும் இலையோடும் போய்க் காட்டுங்கள். கே.கே.எல்.1 என்று பார்லின்ஸ் பியூட்டியை வெளியிட்ட இடம் அது. உங்களுடையது தெரிந்த ரகம்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைக்காரர் சொல்லும் புது ரகம் எது என்று நீங்கள் எழுதவில்லை. இப்போது எல்லோரும் நீட்டுவது ஹெச்.ஆர்.எம்.என்-99. இமாச்சலத்தின் பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா உருவாக்கிய அந்த ரகம் குளிர் குறைந்த இடத்துக்கு நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயர் அட்டையைத் தொங்கவிட்டு விற்ற கன்றுகளில் ஒட்டுத்தழும்பே இல்லாததை நானே பார்த்திருக்கிறேன். அது விதைக்கன்று, சுத்த ஏமாற்று. கன்று விற்பவரிடம் 'மரத்தை வெட்டலாமா' என்று கேட்கவே கூடாது. புது ரகம் வேண்டுமானால் காலியிடத்தில் வையுங்கள், தழும்பைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றில் எது ரொம்ப நலிந்ததோ அதற்கு மட்டும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். இரண்டு மொட்டுள்ள குட்டைக் குச்சி கிடைத்தாலும் சரி, இந்தக் குளிரிலேயே எடுத்துக் கட்டிவிடுங்கள்.