அப்பாவின் டிஸ்கஷனா, நிருபர் வேலையா?

கேள்வி: என் தாத்தா வசனகர்த்தா. அப்பா முப்பது வருடமாகத் திரைக்கதை விவாதங்களில் இருக்கிறார். எனக்கும் திரைக்கதை எழுதத்தான் ஆசை. இதழியல் முடித்ததும் ஒரு நாளிதழில் நிருபர் வேலை கிடைத்திருக்கிறது. "அதில் ரெண்டு வருஷத்தை வீணாக்காதே, நேரே என்னோடு டிஸ்கஷனுக்கு வந்து உட்கார்" என்கிறார் அப்பா. போனால் வாரிசு என்பார்கள். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சாலிகிராமம்

பதில்: நிருபர் வேலையில் சேருங்கள். அப்பாவின் டிஸ்கஷன் எங்கும் ஓடிவிடாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஹாலிவுட் திரைக்கதாசிரியர் நோரா எஃப்ரான்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய பெற்றோர் ஹென்றியும் ஃபீபியும் ஹாலிவுட்டில் சேர்ந்தே திரைக்கதை எழுதிய தம்பதி. 'கேரசல்' (1956), 'டெஸ்க் செட்' (1957) எல்லாம் அவர்கள் எழுதியவை. நான்கு மகள்கள், நான்கு பேருமே எழுத்தாளர்கள் ஆனார்கள். வாழ்க்கையில் எது நடந்தாலும் அது எழுதக் கிடைத்த விஷயம் என்பது அம்மாவின் கொள்கை. கல்லூரியிலிருந்து நோரா வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வைத்தே அப்பாவும் அம்மாவும் ஒரு நாடகம் எழுதி, அது 1961-ல் பிராட்வேயில் மேடையேறியது. (நீங்கள் டைரி எழுதுபவராக இருந்தால் இப்போதே பூட்டி வையுங்கள்!)

அப்படிப்பட்ட வீட்டுப் பெண், 1962-ல் படிப்பு முடிந்ததும் ஹாலிவுட்டுக்குத் திரும்பவில்லை. நியூயார்க் போனார். 'நியூஸ்வீக்' வார இதழில் பெண்களை எழுத விடுவதில்லை என்று சொல்லி, தபால் விநியோகிக்கும் வேலைதான் கொடுத்தார்கள். அப்புறம் நகரத்துப் பத்திரிகைகளில் வேலைநிறுத்தம் நடந்த சமயம், 'நியூயார்க் போஸ்ட்'டைக் கிண்டல் செய்து ஒரு கேலிப் பதிப்பில் எழுதினார். பத்திரிகையில் இருந்தவர்கள் வழக்குப் போடலாம் என்று கொதிக்க, முதலாளி டோரதி ஷிஃப், இவ்வளவு நன்றாகக் கிண்டல் செய்கிறவர்களை வேலைக்கு எடுங்கள் என்றாராம். ஐந்து வருடம் அங்கே நிருபர், பிறகு பத்திரிகைக் கட்டுரைகள். அவர் ஆலிஸ் ஆர்லனோடு எழுதிய 'சில்க்வுட்' வெளிவந்தபோது ஆண்டு 1983, அவருக்கு வயது 42. அணு எரிபொருள் ஆலைத் தொழிலாளி ஒருவரின் உண்மைக் கதை அது. ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. உங்கள் அப்பா ரெண்டு வருஷத்துக்கே பதறுகிறார்!

நிருபர் வேலை திரைக்கதைக்கு எப்படி உதவும் என்று அப்பா கேட்டால், 'வென் ஹாரி மெட் சாலி' (1989) உருவான விதத்தைச் சொல்லுங்கள். அதை இயக்கிய ராப் ரைனரும் சினிமாக் குடும்பத்துப் பிள்ளைதான், கார்ல் ரைனரின் மகன். விவாகரத்தாகித் தனியாக இருந்தவர். நோரா அவரையும் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ ஷைன்மனையும் எதிரே உட்கார வைத்து, தனி ஆண்களின் வாழ்க்கையைப் பற்றித் துருவித் துருவிப் பேட்டி எடுத்தார். படத்தின் நாயகன் ஹாரியின் பேச்சில் நிறைய அங்கிருந்து வந்தது. ஹோட்டலில் சர்வரைப் பாடாய்ப் படுத்தி ஆர்டர் கொடுக்கும் நாயகி சாலியின் பழக்கமோ நோராவுடையதே. அந்தப் படத்தின் மிகப் பிரபலமான வசனம் நடிகர் பில்லி கிரிஸ்டல் சொன்ன யோசனை, அதைத் திரையில் பேசியவர் ரைனரின் அம்மா. ஆக, டிஸ்கஷனும் வேண்டும், குடும்பமும் கூட வரலாம். ஆனால் அறைக்குள் இருக்கிற நாலு பேர் பார்த்த படங்களை வைத்தே காட்சி பிடித்தால், அது ஏற்கெனவே வந்த படம் மாதிரிதான் இருக்கும். நீதிமன்ற வராந்தாவிலும் அரசு ஆஸ்பத்திரி வாசலிலும் ஜனங்கள் எதைச் சொல்லி எதை மறைக்கிறார்கள் என்பதை, சம்பளம் வாங்கிக்கொண்டே கேட்கப் போகிறீர்கள். விடுவார்களா அதை?

வாரிசு என்ற பேச்சு எப்போது போனாலும் வரும். உங்கள் ஸ்கிரிப்டைப் படிக்க அப்பாவால் ஆள் கிடைக்கும், அது பெரிய சலுகைதான், மறுக்காதீர்கள். அதற்காக வெட்கப்பட்டு ஒதுங்கவும் வேண்டாம்.

அப்பாவிடம் முகத்தில் அடித்த மாதிரி மறுக்காமல், வார விடுமுறையில் டிஸ்கஷனுக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்ன காட்சி படத்தில் வந்தால் டைட்டிலில் பெயர் உண்டா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.