வாசகர் கேள்வி – பதில்: வேட்பாளர் வேடம்

கேள்வி: 19 வயதான என் மகள், கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு தெருவோர நிகழ்ச்சி நடத்தப் போகிறாள். கழுத்தில் மாலை, கையில் ஒலிபெருக்கி, வேட்பாளர் வேடம். வருவோர் போவோருக்கெல்லாம் கடித உறை நீட்டுவாளாம். உள்ளே ஒன்றும் இராதாம். தேர்தலைக் கேலி செய்வதா என்று என் கணவர் கோபப்படுகிறார். இதெல்லாம் கலையா, ஐயா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கலைதான், அம்மா. கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. ராஜா கொலுவில் நின்று தன் பெருமையைப் பாடும்போது, கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் கேட்க நினைத்ததை, கோமாளியாக வரும் கட்டியங்காரன் கேட்டுவிடுகிறான். உங்கள் மகள் ராஜா வேடத்தையும் கட்டியங்காரன் வேலையையும் ஒருசேரச் சுமக்கிறாள். எளிதல்ல.

ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில், 2009-இல் யோன் க்னார் என்ற நகைச்சுவை நடிகர் இப்படி அரசியலைக் கேலி செய்ய ஒரு கட்சியே தொடங்கினார். நீச்சல் குளங்களில் இலவசத் துண்டு, விலங்குக் காட்சிச்சாலைக்கு ஒரு பனிக்கரடி என்றெல்லாம் வாக்குறுதி தந்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போவதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். 2010 நகரசபைத் தேர்தலில் 15 இடங்களில் 6 அவர்களுக்குக் கிடைத்தன. அவர் மேயராகி 2014 வரை இருந்தார். இங்கே மலேசியாவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு வேட்பாளர் கட்டும் வைப்புத்தொகையே 10,000 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அது திரும்பி வராது. மாணவர்களுக்குத் தெருதான் கட்டுப்படியாகும்.

அந்தக் கடித உறைதான் என்னை உலுக்கியது. நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தேர்தல் வாரத்தில் லயத்து வாசலில் லாரி வந்து நிற்கும். குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்க வேண்டுமென்று அம்மா ஒரு முறை காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். லாரி வந்தது. அரிசி மூட்டையை அவர் கையில் வைத்தார்கள். இடுப்பில் தாங்கிக்கொண்டு அப்படியே உள்ளே திரும்பிவிட்டார், கேட்கவில்லை. வீட்டில் ஆறு வாய். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றுவிட்டது. மறுநாளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குத்தான் போனோம்.

உங்கள் கணவர் தேர்தலை மதிப்பவர்; அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. வாக்குக்காகப் பணம் கொடுப்பதையும் விருந்து வைப்பதையும் 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டமே குற்றம் என்கிறது. மகள் அதைத்தான் நடித்துக் காட்டப் போகிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள். 18 வயதில் வாக்கும், தானாகவே நடக்கும் வாக்காளர் பதிவும் 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளன. அவளும் ஒரு வாக்காளர்தான்.

இரண்டு யோசனைகள். எந்தக் கட்சியின் சின்னமும் நிறமும் வேண்டாம். பார்ப்பவர் உடனே பக்கம் பிரிந்துவிடுவார். தெருவுக்கு அனுமதி கிடைக்காவிட்டால், பழைய பஸ் டிப்போவைக் கலைக்கூடமாக்கியிருக்கிறார்களே, அந்த ஹின் பஸ் டிப்போவில் கேட்டுப் பார்க்கட்டும்.

அப்புறம், உறையை வெறுமையாக விட வேண்டாம். ஒரு துண்டுத் தாள் வைத்து, "2017 நவம்பர் வெள்ளத்தில் உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது? அதன்பின் கால்வாயைப் பற்றி யாரிடம் கேட்டீர்கள்?" என்று எழுதச் சொல்லுங்கள். பதில் சொல்ல நிற்பவர்களிடம் அவள் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து கேட்கட்டும்.

நாளும் இடமும் எழுதி அனுப்புங்கள். படகேறி வருகிறேன். எனக்கும் ஓர் உறை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.