பின் டயர் மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சக்திவாய்ந்த கார்களின் பின் டயரைப் பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

என்னிடம் இருப்பது 2017 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19. முன் டயரில் இன்னும் 5 மி.மீ. பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் உயரம்) இருக்கிறது. பின் டயர் முடிந்துவிட்டது. அதே அளவு கிடைக்கவில்லை, 285/35 ஆர்19 போட்டால் அகலம் கூடி கிரிப்பும் கூடும் என்கிறார் கடைக்காரர். இன்னொரு கடையில் சரியான அளவு இருக்கிறது, ஆனால் பழைய ஸ்டாக், விலையைக் குறைத்துத் தருகிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், கோவை

285/35 வேண்டாம். காரணம் அகலம் அல்ல, உயரம்.

கணக்கு எளிது. 275 மி.மீ. அகலத்தில் 40 சதவீதம் 110 மி.மீ.; இதுதான் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உயரம். மேலும் கீழும் சேர்த்து 220. 19 அங்குல ரிம் 482.6 மி.மீ. மொத்த விட்டம் 702.6 மி.மீ. இதே கணக்கில் 285/35-க்கு 682.1 மி.மீ.தான் வரும். அதாவது 20 மி.மீ.க்கு மேல், ஏறக்குறைய 3 சதவீதம், குட்டையான டயர். ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுவது இதில் சின்ன விஷயம். உங்கள் முன் டயரின் விட்டம் 686.6 மி.மீ. கம்பெனி கொடுத்த அமைப்பில் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட 16 மி.மீ. பெரியது, ஆகவே நேராக ஓடும்போது பின் சக்கரம் சற்று மெதுவாகச் சுழல வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமலும் வழுக்காமலும் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் இந்த விகிதத்தை வைத்துத்தான் வேலை செய்கின்றன. குட்டை டயரை மாட்டினால் பின் சக்கரம் முன்னதைவிட வேகமாகச் சுழலும். அது வழுக்குவதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். எஞ்சின் சக்தியைத் தேவையில்லாத இடத்தில் குறைக்கும், நிஜமாகவே வழுக்கும்போது தவறாகக் கணிக்கும்.

லோடு இண்டெக்ஸையும் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பாருங்கள். 275/40 ஆர்19 சாதாரணமாக 101 என்ற எண்ணுடன் வரும். ஒரு டயர் 825 கிலோ தாங்கும். 285/35 ஆர்19 சாதாரண வகை 99, அதாவது 775 கிலோ. எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) என்று போட்ட 103 வாங்கினால் எடை சரியாகிவிடும், உயரம் சரியாகாது. ரிம்மும் ஒரு தடை. மஸ்டாங் ஜிடியின் பின் ரிம் அகலம் 9.5 அங்குலம். 285-க்கு அது கீழ் எல்லை. டயர் உள்ளே மடங்கி நடுப்பகுதி புடைத்து நிற்கும். அகலத்துக்குக் கொடுத்த காசு தரையைத் தொடவே தொடாது.

பழைய ஸ்டாக் விஷயத்தில் சைடுவாலில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 1421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். ஒரு பக்கச் சைடுவாலில் மட்டும்தான் முழு எண்ணும் இருக்கும். இல்லையென்றால் டயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மஸ்டாங்கைத் தினமும் ஓட்டுபவர்கள் குறைவு. வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் காரில் டயர் தேய்ந்து சாவதில்லை. ரப்பர் இறுகித்தான் சாகிறது. பட்டன் ஆழமாக இருக்கும், பிடி இருக்காது. அப்படிப்பட்டவருக்குப் பட்டனைவிடத் தயாரிப்புத் தேதிதான் முக்கியம். தயாராகி இரண்டு வருடத்துக்கு உட்பட்டது என்றால் தயங்காமல் வாங்கலாம். மூன்றைத் தாண்டியிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். ஐந்து என்றால் வேண்டவே வேண்டாம்.

அளவு கிடைக்காததற்கும் காரணம் உண்டு. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது; அதன் பிறகு இப்படிப்பட்ட அரிய அளவுகள் உரிமம் பெற்றுத்தான் வர வேண்டும், ஐஎஸ்ஐ முத்திரையும் வேண்டும். ஆகவே பட்டன் 3 மி.மீ. வரும்போதே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். டயர் முடிந்த பிறகு தேடினால், கடையில் இருக்கும் அளவுதான் உங்கள் காருக்குச் சரியான அளவு என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள்.

கடைசியாக, வாங்குவது இரண்டாக இருக்கட்டும், ஒரே மாடலாக இருக்கட்டும். உங்கள் காரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கிறது; இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுத்து, ஒன்று மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது அது. இடது வலது டயர்களின் விட்டம் வேறுபட்டால் அதன் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் நேர் சாலையிலும் உரசிக்கொண்டே இருக்கும்.

பி.எம்.டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ், 18,000 கி.மீ. பின்னால் 255/40 ஆர்18 ரன்-ஃப்ளாட் (காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடும் டயர்). வெளிப்பக்கம் 4 மி.மீ. இருக்கிறது, உள் விளிம்பில் கம்பி தெரிகிறது. டயர் தரம் சரியில்லையா? ரன்-ஃப்ளாட் வேண்டாம், சாதாரண டயருக்கு மாறலாமா? பின்னால் மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், சென்னை

மூன்று கேள்விகள். முதலாவதுதான் அவசரம், ஏனென்றால் கம்பி தெரியும் டயரில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. வண்டியை இன்றே நிறுத்துங்கள்.

டயர் மேல் பழி போடாதீர்கள். காற்று குறைந்து ஓடினால் இரண்டு விளிம்பும் தேயும். காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் அது அலைன்மென்ட். இந்த வகைக் கார்களின் பின் சக்கரங்கள் மேல்பக்கம் சற்று உள்ளே சாய்ந்திருக்கும் (கேம்பர்); வளைவில் பிடிப்புக்காக வேண்டுமென்றே வைத்தது. ஆனால் கேம்பர் மட்டும் டயரை இவ்வளவு சீக்கிரம் தின்னாது. எந்த இடத்தில் தேயும் என்பதைக் கேம்பர் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதை டோ தீர்மானிக்கிறது. டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. ஒரு சக்கரம் தேவைக்கு மேல் 0.2 டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது 3.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 35 கி.மீ. தூரம் டயரைக் குறுக்காகத் தரையில் தேய்த்த கணக்கு. கண்ணுக்கு 0.2 டிகிரி தெரியாது.

ஆகவே புதிய டயர் மாட்டியதும், ஓட்டிப் பார்க்கும் முன்பே, நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யுங்கள். முன் சக்கரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்பும் கடைகள் ஏராளம். முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் பிரின்டவுட் கேளுங்கள். அதில் பின் இடது டோ, பின் வலது டோ இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால் சஸ்பென்ஷன் புஷ் தளர்ந்திருக்கலாம், அல்லது பள்ளத்தில் விழுந்து ஆர்ம் வளைந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் புது டயர் மாட்டுவது வீண் செலவு.

ரன்-ஃப்ளாட் பற்றி: மாறலாம், ஆனால் நான்கையும் சேர்த்துத்தான். ரன்-ஃப்ளாட்டின் சைடுவால் கெட்டி. முன்னால் கெட்டி, பின்னால் மென்மை என்று கலந்தால் திடீரெனத் திரும்பும்போது இரண்டு முனைகளும் வெவ்வேறு நேரத்தில் பதில் சொல்லும். மாறினால் குழி விழுந்த சாலையில் சுகம் கூடும்; காற்றே இல்லாமல் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகும் வசதி போய்விடும். காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் கம்ப்ரசரும் பஞ்சர் கிட்டும் எப்போதும் இருக்க வேண்டும். சைடுவால் கிழிந்தால் அதுவும் உதவாது, இழுவை வண்டிதான். இரவில் தனியாக நெடுந்தூரம் ஓட்டுபவர் என்றால் ரன்-ஃப்ளாட்டிலேயே இருந்துவிடுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

பின்னால் மட்டும் போதுமா என்பதற்கு முன் டயரின் பட்டனை அளந்த பிறகுதான் பதில். இது நான்கு சக்கர இயக்கக் கார். முன்னால் 225/45 ஆர்18 என்றால் புதிதாக இருக்கும்போது விட்டம் 659.7 மி.மீ.; பின் டயர் 661.2 மி.மீ. வெறும் ஒன்றரை மி.மீ. வித்தியாசம். தற்செயல் அல்ல: முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு கிளட்ச் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழன்றால்தான் அதற்கு ஓய்வு. முன் டயர் 3 மி.மீ. வரை தேய்ந்திருக்க, பின்னால் 8 மி.மீ. பட்டனுள்ள புது டயர் மாட்டினால் விட்டத்தில் கூடுதலாக 10 மி.மீ. வித்தியாசம், 1.5 சதவீதம். அந்தக் கிளட்ச் நாள் முழுக்க நழுவிச் சூடாகும். முன்னால் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், அதே மாடலில் பின்னால் இரண்டு மட்டும் வாங்கலாம். 4-க்குக் கீழே என்றால் நான்கு. டயரின் விலை உறுத்தும்தான். டிரான்ஸ்ஃபர் கேஸின் விலை அதைவிட உறுத்தும்.

சைடுவாலில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அது பி.எம்.டபிள்யூ ஒப்புதல் அளித்த டயர். மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ, போர்ஷேவுக்கு என்0 போன்ற குறிகள். பின்சக்கர இயக்கக் காரில் நட்சத்திரம் இல்லாவிட்டால் வானம் இடிந்துவிடாது. எக்ஸ்டிரைவில் (பி.எம்.டபிள்யூவின் நான்கு சக்கர இயக்கம்) அதைத் தேடி வாங்குவது நல்லது.

ட்ரெட்வேர் (எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் குறிக்கும் எண்) 300 உள்ள டயருக்குப் பதில் 500 உள்ளதைப் போட்டால் இரு மடங்கு ஓடும் என்கிறார்கள். பின்னால் மட்டும் அதைப் போடலாமா? முன் டயர் நன்றாகவே இருக்கிறது.
– வாசகர், மதுரை

முன்னால் ஒட்டும் டயர், பின்னால் இறுகிய டயர், எஞ்சின் சக்தி முழுவதும் பின் சக்கரத்தில். ஈரச் சாலையில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி சுழலும். முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும், பிரேக் பிடித்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கக் கைப்பழக்கம் வேண்டும். அதனால் நல்ல பிடிப்பு எப்போதும் பின்னால் இருக்க வேண்டும்.

அந்த எண்ணையும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். 100 என்று வைத்த ஓர் ஒப்பீட்டு டயரோடு பார்த்துத் தயாரிப்பாளரே தருவது அது. ஒரே கம்பெனியின் டயர்களுக்குள் ஒப்பிடலாம்: மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, ரேஸ் டிராக்கையும் மனதில் வைத்துச் செய்த கப் 2 180. இரண்டாவது வேகமாகத் தேயும், தேங்கிய தண்ணீரில் முதலாவதைவிடச் சீக்கிரம் மிதக்கும். அன்றாடச் சாலைக்கு முதல் வகை போதும். கம்பெனி விட்டுக் கம்பெனி ஒப்பிட்டால் அந்த எண் பெரிதாக எதையும் சொல்லாது.

சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆனால் 255, 275 போன்ற அகல டயர் தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் 3 மி.மீ. என்றால் மாற்றிவிடுங்கள்.

வேகத்தைக் குறிக்கும் எழுத்தில், ஒய் ரேட்டிங்குக்குப் பதில் டபிள்யூ வாங்கலாமா? நான் 270-இல் ஓட்டப் போவதில்லை.
– வாசகர், திருச்சி

டபிள்யூ என்றால் அதிகபட்சம் மணிக்கு 270 கி.மீ., ஒய் 300 கி.மீ. நீங்கள் ஓட்டாவிட்டாலும் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சொல்கிறது. மே மாதத் தார்ச்சாலை அதற்குத் தேர்வு வைக்கும். காரின் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள். லோடு இண்டெக்ஸிலும் அப்படியே.

1,500 கி.மீ. ஓடிய புது பின் டயரில் ஆணி. கடையில் வெளியிலிருந்து திரி செருகி ஒட்டிக் கொடுத்தார்கள். போதுமா?
– வாசகர், சேலம்

வீடு போய்ச் சேரப் போதும். பிறகு டயரைக் கழற்றி, உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட வேண்டும். ஓட்டை 6 மி.மீ.க்குள், பட்டன் பகுதியின் நடுவே இருந்தால் மட்டுமே இது சரி. விளிம்பிலோ சைடுவாலிலோ என்றால் டயரை மாற்றத்தான் வேண்டும். கழற்றும்போது உள்பக்கம் கறுப்புத் தூள் கொட்டினால் காற்றில்லாமல் ஓடிச் சைடுவால் உள்ளே அரைபட்டிருக்கிறது. ஒட்டுப் போடச் சொல்லாதீர்கள். மாற்ற வேண்டி வந்தாலும் உங்களுக்கு ஒரு டயர் மட்டும் போதும், ஜோடி இன்னும் புதிதுதான். ஜோடிக்கு இடையே 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டாக வாங்க வேண்டும்.

டயர் மாட்டும்போது கடையில் நின்று என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

வால்வில் காற்றழுத்த சென்சார் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயரைப் பிதுக்கும் தட்டு வால்வுக்கு அருகில் அழுத்தினால் சென்சார் உடைந்துவிடும். ரன்-ஃப்ளாட் என்றால் துணைக் கையுள்ள இயந்திரம் இருக்கும் கடைக்கே போங்கள். கடப்பாறை போட்டு நெம்பினால் ரிம் போய்விடும். அவுட்சைடு என்று எழுதிய பக்கம் வெளியே வர வேண்டும். அம்புக்குறி இருந்தால் முன்னோக்கிச் சுழலும் திசையில். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங் ஈயம் குறையும்.

நட்டை ஏர் கன்னால் இறுக்கிவிட்டுப் போக விடாதீர்கள். கையால் முதலில், பிறகு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), நட்சத்திர வரிசையில், அதாவது எதிரெதிர் நட்டாக மாறி மாறி: 2015-க்குப் பிந்தைய மஸ்டாங்குக்கு 204 நியூட்டன் மீட்டர், எம்340ஐ-க்கு 140. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதியுங்கள்.

காற்று, கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். ஓடிய பிறகு நான்கைந்து கூடிக் காட்டினால் அதை இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். ஈரமில்லாத சாதாரணக் காற்றே போதும். முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரைப் பிரிக்கப் பூசிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கும், பட்டனும் முழு ஆழத்தில் சற்று நெளியும். மழையில் அந்த முதல் சில நாட்கள் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைக்கவே அணைக்காதீர்கள்.