வாங்கும் முன்: கெளுத்தி பிடிக்கக் கிளம்புகிறவர்களின் கேள்விகள்

நண்பர்கள் நான்கு பேர் முதல் தடவையாகக் கெளுத்தி பிடிக்கப் போகிறோம். 120 பொருள்கள் கொண்ட 'முழு செட்' தள்ளுபடியில் வருகிறது. ஆளுக்கொன்று வாங்கலாமா?

வேண்டாம். அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் மினுமினுக்கும் ரப்பர் மீன்கள்தான் இருக்கும். அவை கண்ணால் பார்த்துத் துரத்தும் மீன்களுக்கானவை. கெளுத்தி கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் அடித்தரையில் மேய்வது. மீசையில் மட்டுமல்ல, உடம்பு முழுக்க அதற்குச் சுவை மொட்டுகள் உண்டு. மண்புழு, கோழி ஈரல், வெட்டிய மீன் துண்டு ஆகியவற்றின் வாசம் போதும், தேடிக்கொண்டு வந்துவிடும். ஏழடி ராடு, நரம்பைச் சுற்றும் நடுத்தர ரீல், 15 முதல் 20 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு (தூண்டில் நூல்தான்), கொஞ்சம் தூண்டில் முள், நடுவில் துளையுள்ள ஈயக்குண்டு. அவ்வளவுதான் செட். நான்கு பேருக்கு இரண்டு ராடு போதும். முதல் நாள் இரண்டு பேர் எப்படியும் சிக்கல் எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

'12+1 பேரிங்' ரீல் ஒன்று, 4 பேரிங் ரீல் ஒன்று. விலை ஒன்றுதான். 12+1 தானே லாபம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்த '+1' பெரும்பாலும் கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் உருளை பேரிங். அதைத் தனியாகக் கூட்டிக் காட்டுவதே ஒரு வித்தை. மீதி 12? ஒரே விலையில் 4 நல்ல பேரிங் போடலாம், அல்லது 12 மட்டமானவை போடலாம். கடையில் சுற்றிப் பார்க்கும்போது இரண்டும் வழவழவென்றுதான் ஓடும். நாலு தடவை தண்ணீரும் மணலும் பட்ட பிறகு மட்டமானவை கரகரக்கத் தொடங்கும். அப்போது 12 இடத்தில் கரகரக்கும்.

நானும் ஒரு காலத்தில் எண்ணைப் பார்த்து வாங்கினவன்தான். என் ரீலின் பெட்டி இன்னும் பளபளவென்று இருக்கிறது, ரீல்தான் இல்லை. பெரிய கெளுத்தி ஓடும்போது உங்களைக் காப்பாற்றுவது டிராக், அதாவது மீன் இழுக்க இழுக்க நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக். கடையிலேயே நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். சீராக வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நின்று நின்று வெட்டி வெட்டி வந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பேரிங் எண்ணிக்கை. டிராக் எப்படி வழுக்கும் என்று எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

பெரிய மீனுக்காக 8ஆம் நம்பர் முள் நூறு வாங்கினேன். பொடிப்பொடியாக வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. வெறும் எண் என்றால், எண் கூடக் கூட முள் சிறிதாகும். பின்னால் '/0' இருந்தால்தான் எண்ணோடு முள்ளும் பெரிதாகும். 8 என்பது பொடி முள், 8/0 என்பது கொக்கி. படத்தில் அளவுகோல் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பார்கள், பார்த்தீர்களா? பார்க்காமல் நூறு எதற்கு?

18 கிலோ தாங்கும் என்று போட்ட பின்னல் நரம்பு, கல்லில் சிக்கி இழுத்தவுடன் அறுந்தது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர்.

பிரிக்காமல் எப்படிப் பயன்படுத்துவதாம்? உங்கள் கோபம் நியாயம். ஆனால் சண்டைக்கு முன் சாட்சி சேருங்கள். அறுந்த முனை சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கலாம். கல்லில் உரசியிருந்தால் முனைக்குப் பக்கத்தில் பிசிறு தெரியும். அதனால் உரசாத, புது நீளத்தை வெட்டி எடுங்கள். ஒரு முனையை வழவழப்பான கம்பத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். மறுமுனையைக் கட்டையில் சுற்றி, கொக்கித் தராசோடு இழுங்கள். வெறும் கையில் சுற்றாதீர்கள், சதையைக் கிழிக்கும். எத்தனை கிலோவில் அறுகிறது என்று வீடியோ எடுத்து, எழுத்தில் புகார் அனுப்புங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் கேளுங்கள். விடாதீர்கள்.

நுனி உள்பக்கமாக வளைந்த வட்ட முள் வாங்கினேன். மீன் கடிக்கிறது, மாட்டமாட்டேன் என்கிறது. மட்டமான சரக்கா?

கடித்ததும் வெடுக்கென்று இழுக்கிறீர்கள். ராடு வளையும் வரை சும்மா இருங்கள், பிறகு மெதுவாக ரீலைச் சுற்றுங்கள். வாயோரத்தில் தானாக மாட்டும்.

செதில் சுரண்டி எது நல்லது?

கெளுத்திக்குச் செதிலே கிடையாது.

பழைய ராடு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போங்கள். ராடில் இருக்கும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றுங்கள். இழை மாட்டினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது; நரம்பை அது அறுத்துக்கொண்டே இருக்கும். நுனி வளையத்தை இரண்டு தடவை பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் ராடு என்றால் முழுக்க நீட்டி மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். நான் அப்படி ஒன்றை நீட்டாமலே வாங்கினேன். இணைப்பில் மணல் புகுந்து பாதியில் நின்றுவிட்டது. பஸ்ஸில் அதை எப்படிக் கொண்டுவந்தேன் என்று கேட்காதீர்கள்.

எல்லாம் வாங்கியாயிற்று, கொஞ்சம் பணம் மிச்சம். நாற்றம் பிடித்த ரெடிமேட் இரை வாங்கலாமா?

வேண்டாம், மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்ற மூக்குக் குறடு வாங்குங்கள். கெளுத்தியின் முதுகிலும் செவுளுக்குப் பின்னால் இருபுறமும் முட்கள் விறைத்து நிற்கும், குத்தினால் கடுக்கும். இரவில் போகிறீர்கள் என்றால் தலையில் மாட்டும் விளக்கு, படகு என்றால் மிதவைச் சட்டை. அப்புறம், அந்த ஏரியில் மீன் பிடிக்க அனுமதி வேண்டுமா என்று விசாரித்தீர்களா? கடிதத்தில் காணோம்.