நேத்து ராத்திரி யார் பக்கத்தில் யார் படுத்தீங்க? குழந்தை வளர்ப்பு ஆய்வு: கேள்வி பதில்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் உள்ள குப்பங்களிலும் நகர்களிலும் இருபது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போய், பிள்ளை வளர்ப்பைக் கேட்டும் பார்த்தும் எழுதியவள் நான். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பதில் சொல்வதோடு சரி. ஆய்வு மாணவர்கள், ஓர் அங்கன்வாடி ஊழியர், ஒரு அப்பா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: காலாப்பட்டில் எம்.ஏ. படிக்கிறேன் மேடம். மீனவக் குடும்பங்களையும் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக் குடும்பங்களையும் ஒப்பிட்டு ஆய்வேடு. கையில் இருப்பது மூன்று மாதம். இருபது தாய்மாரிடம் இன்டர்வியூ எடுத்தால் போதும் என நினைத்தேன். வழிகாட்டி, உற்றுநோக்கலும் வேண்டும் என்கிறார். எதை விடலாம்?

எதையும் விடாதீர்கள். இருபதை எட்டாக்குங்கள். எட்டு வீட்டிலும் கேளுங்கள், பாருங்கள்.

ஏன் என்றால், இரண்டும் ஒரே விஷயத்தை அளப்பதில்லை. தாழங்குடாவில் ஒரு வீட்டில் "பிள்ளைக்கு யார் ஊட்டுவீங்க?" என்று கேட்டேன். "நான்தான், வேற யாரு?" என்றார் அம்மா. அதில் பொய் இல்லை, பொறுப்பு அவருடையதுதான். ஆனால் காலையில் அவர் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் மீன் விற்கப் போய்விடுவார். லீவு நாட்களில் நான் பார்த்த ஏழு மதியச் சாப்பாட்டில் ஐந்தை ஊட்டியது ஒன்பது வயது அக்கா. இடுப்பில் தம்பி, ஒரு கையில் கிண்ணம், கண் மட்டும் தெருவில் நொண்டி விளையாடும் பிள்ளைகள் மேல். இது எந்தப் பதிலிலும் வராது. அதே சமயம், அந்த அம்மா ஏன் "நான்தான்" என்றார் என்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டால்தான் உண்டு.

இந்தத் துறையின் பெரிய ஒப்பீடு 1954-இல் அமெரிக்க ஆய்வாளர்களான வைட்டிங் தம்பதியும் சகாக்களும் தொடங்கிய ஆறு பண்பாட்டு ஆய்வு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஒகினாவா, வட இந்திய ராஜபுத்திரர் ஊர் ஒன்று, கென்யாவின் கூசி மக்கள். தாய்மாரிடம் கேட்டதை வைத்து 1964-இல் ஒரு நூல் வந்தது. பிள்ளைகளைப் பார்த்ததை வைத்து எழுதிய நூல் 1975-இல்தான் வந்தது: 134 பிள்ளைகள், ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக. தம்பி தங்கையைச் சுமக்கும் வேலை கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பிறருக்கு உதவுவதில் முன்னே நின்றது அந்த இரண்டாவது நூலில்தான் தெளிவாகிறது. நடுவே பதினோரு வருஷம். பார்த்ததை எண்ணி முடிப்பது எவ்வளவு பாடு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு எட்டு வீடு போதும்.

கேள்வி: இன்டர்வியூவில் அம்மாக்கள் பொய் சொல்கிறார்களா? "அடிக்கவே மாட்டேன்" என்கிறார்கள். திரும்பினால் அடி விழுகிறது.

பொய் என்று எழுதிவிடாதீர்கள் தம்பி. முதலில் உங்கள் கேள்வியைப் பாருங்கள்.

ஒரு திண்ணையில் என்னிடம் "கை ஓங்கினதே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. உள்ளேயிருந்து ஆயா, அதாவது பாட்டி, சிரிப்பை அடக்கும் சத்தம். அதற்குள் இரண்டு வயது வாண்டு மீன் கூடையில் கை விட்டது. முதுகில் 'பொத்' என்று ஒன்று வைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, "இது அடியா? சும்மா தட்டுனது" என்றார். அவருக்கு அடி என்றால் விளக்குமாறோ வேப்பங்குச்சியோ கையில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து என் படிவத்தில் 'அடித்தல்' என்ற ஒற்றைக் கட்டம் இல்லை. தட்டுவது, குட்டுவது, கிள்ளுவது, காதைத் திருகுவது, குச்சி எடுப்பது, "பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்" என்று மிரட்டுவது எல்லாம் தனித்தனி. மறு சுற்றில் அதே அம்மா தட்டுவதையும் மிரட்டுவதையும் தயங்காமல் சொன்னார்.

பிரெஞ்சு வீடுகளிலும் இதே வேலை இருக்கிறது. அவர்கள் எதைத் தண்டனை என்கிறார்கள், எதைச் சும்மா பேச்சு என்கிறார்கள் என்று முதலில் ஒரு பட்டியல் எடுங்கள். பிறகுதான் ஒப்பீடு.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டில் பத்து மாதக் குழந்தை சாப்பிடுவதை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் "குழந்தை தூங்குது" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று நாளாக இதே பதில். என்ன தப்பு செய்தேன் அக்கா?

சோறு உண்கிற குழந்தையை உற்று நோக்கினீர்கள். பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் உற்றுநோக்கல். நம் ஆயாக்கள் வைத்திருக்கும் பெயர் கண் வைப்பது. கையில் பேனா வேறு.

எனக்கும் நடந்ததுதான். பக்கத்துக் குப்பத்தில் ஒரு வீட்டில், நான் இருக்கும்போதே ஆயா கல்லுப்பு, காய்ந்த மிளகாய், நான் நின்ற இடத்து மண் மூன்றையும் எடுத்துக் குழந்தையைச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லை. "பாத்தியா, எவ்ளோ கண்ணு" என்று என்னைப் பார்த்தே சொன்னார். ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை. "ஆயா, எனக்கும் சேத்து சுத்திப் போடுங்க, நாலு வீடு போய்ட்டு வந்திருக்கேன்" என்றேன். போட்டார். அப்புறம் மோர் வந்தது. அந்த வீட்டில் ஆறு மாதம் வேலை செய்தேன்.

இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கினால் உங்கள் எண்களே தப்பாகும். தமிழ்க் குடும்பம் ஒன்றோடு தங்கி ஆய்ந்து 1990-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் ட்ராவிக், தாயின் அன்பு இங்கே அடக்கிவைக்கப்படுவதைப் பற்றி எழுதினார். பெற்றவள் கண்ணே பொல்லாத கண். ஆசையாகப் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது. கென்யாவின் கூசி தாய்மாரும் குழந்தையின் முகம் பார்த்துக் கொஞ்சுவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்று மானிடவியலாளர் ராபர்ட் லெவைன் குழுவினர் பதிவு செய்தார்கள். இப்போது ஓர் அமெரிக்க அளவுகோலை எடுங்கள்: 'தாய் குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள் — எத்தனை முறை?' நம் அம்மாவுக்கு மதிப்பெண் குறையும். பாசம் குறைவு என்று ஒரு பத்தி எழுதிவிடுவோம். அந்த அம்மாவோ அதே நேரம் பிள்ளை கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, இடுப்பில் அணைத்தபடி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். உங்கள் படிவத்தில் கண்ணுக்குக் கட்டம் இருக்கிறது, இடுப்புக்கு இல்லை.

இனி செய்ய வேண்டியது: எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். சாப்பாட்டு நேரத்தில் நோட்டை மூடுங்கள், கொடுத்தால் நீங்களும் சாப்பிடுங்கள், தெரு முனைக்கு வந்து எழுதுங்கள். "நல்லா சாப்பிடுதே", "குண்டா இருக்கே" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். மூடிய கதவுக்கு, கூடப் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கெட்டோடு போய், ஆயாவிடம் முதலில் பேசுங்கள்.

கேள்வி: ஆள் இருப்பதால் நடத்தை மாறுமே, எத்தனை நாளில் நம்மை மறப்பார்கள்?

மறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1975-இல் ஸெகியோப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் காட்டியது: கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்த தாய்மார் குழந்தையோடு கூடுதலாக விளையாடினார்கள், கூடுதல் இதமாகவும் இருந்தார்கள். நம் ஊரில் இதோடு வீடு பெருக்குவதும் குழந்தைக்குப் பவுடர் போடுவதும் சேரும். முதல் இரண்டு வருகையின் பதிவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னை உட்காரச் சொல்லாமல் "அந்தக் குடத்தைக் கொஞ்சம் புடி" என்று சொல்லும் நாளிலிருந்து கணக்கு.

கேள்வி: கடலூர் முதுநகரில் மே மாதம் பதினைந்து வீடு பார்த்தேன். அப்பாக்கள் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள், தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார்கள். "மீனவத் தந்தையர் பராமரிப்பில் அதிகம் ஈடுபடுகின்றனர்" என்று எழுதலாமா?

ஐயோ, எழுதாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், அப்பா வீட்டில் இருப்பார். நீங்கள் பார்த்தது தடைக்காலத்து அப்பாவை. ஜூலையில் அதே வீடுகளுக்குப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அருமையான கட்டுரை: நேரம் கிடைத்தால் செய்கிறார், கிடைக்காததால் செய்வதில்லை என்று சொல்ல வாய்ப்பு வரும். ஃபைபர் படகு வீடுகளுக்குத் தடை இல்லை. அவற்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

இது பருவத்தோடு முடியவில்லை, நேரத்துக்கும் பொருந்தும். ஆய்வாளர்கள் பத்து மணிக்கு வந்து பன்னிரண்டு மணி வெயிலில் கிளம்பிவிடுகிறோம். அந்த நேரத்துக் குப்பம் வேறு, விடிகாலை நாலு மணிக் குப்பம் வேறு. மன்ரோ என்ற ஆய்வாளர் தம்பதி கென்யாவில் செய்ததைப் போல, முன்கூட்டிச் சீட்டுப் போட்டு எடுத்த நேரத்தில் வீட்டை எட்டி, முதல் கணத்தில் குழந்தை யார் கையில், யார் எத்தனை அடி தூரத்தில் என்று மனதில் படம் பிடித்து எழுதிவிடுங்கள். ஒரு வருகை ஒரு வரி. முப்பது வரி சேர்ந்தால், மூன்று மணி நேரம் முறைத்துப் பார்ப்பதைவிட மேல்.

கேள்வி: நான் அங்கன்வாடி ஊழியர் மேடம். ஒரு சர்வேயில் "நேற்று பகலிலும் இரவிலும் குழந்தைக்கு என்ன கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்கச் சொல்கிறார்கள். ஒரு நாளில் என்ன தெரியும்? "வழக்கமா என்ன கொடுப்பீங்க?" என்று கேட்பதுதானே சரி?

'வழக்கமா' என்று ஆரம்பித்தால் நீங்கள் போன மாதம் சொல்லிக்கொடுத்ததே திரும்பி வரும்: கீரை, முட்டை, பருப்பு. 1963-இல் ராபின்ஸ் என்ற ஆய்வாளர், குழந்தைக்கு மூன்று வயதாகும்போது பெற்றோர் சொன்ன நினைவுகளை, அதே பெற்றோர் குழந்தை பிறந்ததிலிருந்து சொல்லிவந்த பதிவுகளோடு ஒப்பிட்டார். தவறு நிறைய. அதுவும் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த குழந்தை மருத்துவர் டாக்டர் ஸ்பாக் போன்றவர்களின் அறிவுரை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகச் சாய்ந்த தவறு. அங்கே ஸ்பாக், இங்கே நீங்கள்.

நேற்று என்பதில் அவ்வளவு சாய இடமில்லை. ஒரு குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஒரு நாள் போதாது, உண்மை. நூறு வீடு சேரும்போது உங்கள் பகுதி எப்படி என்று சொல்லப் போதும். முடிந்தால் உங்கள் பகுதியைப் பக்கத்து ஊர் ஊழியர் கேட்கட்டும், அவர் பகுதியை நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு பேர் பார்த்துக் குறித்தோம். 90 சதவீதம் ஒத்துப்போகிறது. வழிகாட்டி "போதாது, கப்பா போடு" என்கிறார். 90 போதாதா?

பார்த்த நேரத்தை 100 சிறு துண்டுகளாகப் பிரித்தீர்கள் என்று வையுங்கள். 'குட்டினார்' என்று நீங்கள் 6 இடத்தில் குறித்தீர்கள், தோழியும் 6 இடத்தில். இருவரும் ஒரே இடத்தில் குறித்தது 1. இருவருமே ஒன்றும் நடக்கவில்லை என்றது 89. ஒப்புமை 90 சதவீதம் வந்துவிட்டது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இதே விகிதத்தில் குறித்திருந்தாலும் சுமார் 88.7 சதவீதம் ஒத்துப்போயிருக்கும் (0.06×0.06 + 0.94×0.94). கோஹன் என்ற ஆய்வாளர் 1960-இல் தந்த கப்பா என்ற ஒப்புமை எண் இந்தத் தற்செயலைக் கழிக்கிறது: (0.90 − 0.887) ÷ (1 − 0.887). கிடைப்பது 0.11 அளவு. அதாவது குட்டு எது என்பதில் உங்கள் இருவருக்கும் உடன்பாடே இல்லை. உங்கள் வழிகாட்டி நல்லவர். இருவரும் ஒரு நாள் உட்கார்ந்து குட்டுக்கும் தட்டுக்கும் எல்லை வகுத்துவிட்டு மறுபடி போங்கள்.

கேள்வி: மனைவியிடம் கேள்வி கேட்க வந்த பெண்ணுக்கு என் அம்மாவே எல்லாப் பதிலும் சொன்னார். இது செல்லுமா?

செல்லும் சார். யார் சொன்னது என்று பதில் பக்கத்தில் எழுதியிருந்தால். மருமகள் எந்த இடத்தில் தலையைக் குனிந்தார் என்பதும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: பிரெஞ்சுக் குடும்பங்களில் "தூங்கும் நேரம் என்ன?" என்றால் டக்கென்று எட்டு மணி என்கிறார்கள். குப்பத்தில் சிரிக்கிறார்கள். எப்படி ஒப்பிடுவது?

தூங்கும் நேரம் என்ற ஒன்று இருக்கும் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி அது. குப்பத்தில் "தூக்கம் வந்தா தூங்கும்" என்பதே முழுப் பதில். நீங்கள் கேள்வியை இறக்குமதி செய்திருக்கிறீர்கள்.

புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் அமெரிக்க மானிடவியலாளர் ஷ்வீடர் குழுவினர் செய்ததைப் பாருங்கள், 1995-இல் வெளியானது. யார் யாரோடு படுக்கலாம், படுக்கக் கூடாது என்று ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையில் வீட்டில் யார் யாரோடு படுத்தார்கள் என்பதையும் கேட்டு வாங்கினார்கள். விருப்பமும் நடப்பும் பக்கத்தில் பக்கத்தில். நீங்களும் "நேத்து ராத்திரி யார் பக்கத்தில் யார் படுத்தீங்க?" என்று இரண்டு வகை வீட்டிலும் கேளுங்கள். ஒரு தாளில் பாயையும் கட்டிலையும் தூளியையும் வரைந்து கொடுத்தால் பிள்ளைகளே ஓடிவந்து இடம் காட்டும். தொண்ணூறு வீட்டுத் தாள் என்னிடம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒன்றில் நடுவில் ஆட்டுக்குட்டியும் படுத்திருக்கிறது.

கேள்வி: பார்க்கும்போது பலத்த அடி விழுந்தால் தடுப்பதா, எழுதுவதா?

நோட்டைக் கீழே வையுங்கள், பிள்ளையைத் தூக்குங்கள். காயமாகும் அளவென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் தகவல் சொல்வது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி கட்டாயம். இவற்றை ஒப்புதல் வாங்கும் நாளிலேயே வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். ஏழு வயது தாண்டிய பிள்ளையிடமும் "நான் இங்க உக்காந்து எழுதட்டுமா?" என்று சம்மதம் கேளுங்கள், ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை அதைச் சொல்கிறது. ஒரு பொடியன் என்னிடம் "வேணாம், திங்கக்கிழமை வா" என்றான். திங்கட்கிழமை போனேன்.