மலை இறக்கத்தில் பழைய டீசல் ஜீப்பில் பிரேக் பிடிக்கவில்லை: மாஸ்டர் சிலிண்டரை மாற்றவா, பூஸ்டரை மாற்றவா?

இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள்.

குமரி மாவட்டத்தில் கீரிப்பாறையிலிருந்து மாறாமலை எஸ்டேட்டுக்கு ஏறி இறங்கும் வண்டி, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், இரண்டு மூன்று மிதி மிதித்தால்தான் பெடல் மேலே வந்து வண்டி நிற்கிறது, ஒரு பட்டறையில் மாஸ்டர் சிலிண்டர் (மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) என்கிறார்கள், இன்னொன்றில் பூஸ்டர் (வேக்குவத்தால் மிதிக்குப் பலம் கூட்டும் பாகம்) என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்ப மிதித்தால் பெடல் மேலே வருகிறது என்ற அந்த ஒரு தகவலே பூஸ்டரைப் பெரும்பாலும் விலக்கிவிடுகிறது. பூஸ்டர் கெட்டால் பெடல் கல்லு மாதிரி இறுகும், கீழே போகாது. சிஜே 3பி போன்ற பழைய வண்டிகளில் பூஸ்டரே கிடையாது. அதில் பெடல் கடினமாக இருப்பது இயல்பு.

ஸ்பேனரை எடுக்கும் முன் பெடலை மிதித்துப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் தாழப் போய், அடுத்த மிதியில் மேலே வந்து உறுதியாக நின்றால், சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. மேலே வந்தாலும் ஸ்பிரிங் மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்துப் பிடிக்கும்போது பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பக்கெட் வாஷர் தேய்ந்து ஆயிலைப் பின்னால் விடுகிறது. பிரேக் ஆயில் டேங்கில் அளவு குறையாமலே பெடல் இறங்கினால்தான் மாஸ்டர் சிலிண்டர் மீது சந்தேகம் வலுக்கும். வெளியே ஈரமே இல்லாமல் ஆயில் மட்டும் குறைந்தால், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பெயின்ட் உரிந்திருந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

பூஸ்டர் இருந்தால் அதையும் சோதித்துவிடலாம், ஒரு நிமிட வேலை. இன்ஜின் அணைந்த நிலையில் ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழிறங்கினால் பூஸ்டர் நலம். இறங்காவிட்டாலும் உடனே பூஸ்டரைக் குறை சொல்ல வேண்டாம். டீசல் இன்ஜினில் வேக்குவத்தைத் தருவது தனி பம்ப். நம் ஜீப்களில் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும். ஹோஸ் வெடிப்பு, ஒருவழி வால்வு, பம்ப் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் பூஸ்டர். ஹோஸில் கேஜ் மாட்டினால் பாதரச அளவில் 20 அங்குலத்துக்கு மேல் காட்ட வேண்டும். ஹோஸுக்குள் இன்ஜின் ஆயில் வழிந்திருந்தால் பம்ப் சீலைச் சரி செய்யாமல் புது பூஸ்டர் மாட்டாதீர்கள். அந்த ஆயில் புதிய டயஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

உங்கள் வண்டிக்கு முதல் வேலை ஷூ அட்ஜஸ்ட்மென்ட். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, பின்தட்டில் உள்ள கேம் போல்ட்டையோ நட்சத்திரச் சக்கரத்தையோ டிரம் பூட்டிக்கொள்ளும் வரை திருப்பி, பிறகு லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்துங்கள். ஒருமுறை ஓங்கி மிதித்து ஷூவை நடுவில் உட்காரவைத்து மறுபடியும் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. பல பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் அல்ல, கியர்பாக்ஸை அடுத்துள்ள டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கியதும் டிஃபரென்ஷியல் வழியாக அது சுழன்று வண்டி உருண்டுவிடும். ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். கட்டையும் ஸ்டாண்டும் வேண்டும்.

டிரம்மைக் கழற்றியதும் ஷூ இருக்கும் நிலையை, அதன் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கில் நீளமானது எந்தப் பக்கம் என்பதோடு, போட்டோ எடுத்துவிடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். லேசான ஈரம் பரவாயில்லை, சொட்டக் கூடாது. லைனிங் நனைந்திருந்தால் எந்த ஆயில் என்று பிரித்தறிவது முக்கியம். பிரேக் ஆயில் மெலிதாக இருக்கும், பெயின்டை உரிக்கும். கெட்டியாக, கறுப்பாக, அழுகிய வாடையோடு இருந்தால் அது ஆக்ஸில் சீலைத் தாண்டி வந்த கியர் ஆயில். அப்போது சீலை மட்டும் மாற்றினால் போதாது. ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதரில் (காற்றுத் துளையில்) மண் அடைத்திருக்கும். சூடாகும்போது உள்ளே அழுத்தம் கூடி ஆயிலை வெளியே தள்ளும், சூட்டோடு ஓடையில் இறக்கினால் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் போட்ட புது சீல் அதிக நாள் நிற்காது. நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வேண்டாம், சூடேறியதும் ஊறிய ஆயில் மறுபடி வெளியே வரும். ஒரு ஆக்ஸிலின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

லைனிங்கில் நடுப்பகுதி மட்டும் பளபளத்தால் டிரம் பலமுறை லேத்தில் கடையப்பட்டு விட்டம் பெருகியிருக்கிறது. ஷூவின் வளைவு சிறிதாகி நடுவில் மட்டும் தொடுகிறது. டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டியிருந்தால் டிரம்மை மாற்றியே ஆக வேண்டும். தாண்டாவிட்டால் டிரம் அளவுக்கு ஷூவைக் கடைந்து வாங்குங்கள். முழுவதும் கண்ணாடி போல மினுங்கினால், இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்து ஓட்டியதால் லைனிங் எரிந்திருக்கிறது. அந்தப் பாதையில் 4-லோ (நான்கு சக்கர இழுவையின் தாழ் கியர்) போட்டு, இரண்டாம் கியரில் இன்ஜின் இழுவையிலேயே இறக்க வேண்டும்.

அட்ஜஸ்ட் செய்த பிறகும் பெடல் தாழ்ந்தால் ரப்பர் ஹோஸ்களை வழுவழுப்பான கிளாம்ப்பால் ஒவ்வொன்றாக அடைத்து மிதியுங்கள். எதை அடைத்ததும் பெடல் உயர்கிறதோ கோளாறு அந்தப் பக்கம். எல்லாவற்றையும் அடைத்தும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். வெடிப்பு விட்ட பழைய ஹோஸில் இதைச் செய்யாதீர்கள், அதை மாற்றத்தான் வேண்டும். கட்டிங் பிளேயர் ஒருபோதும் வேண்டாம்.

டேங்கில் இருப்பது பிரேக் ஆயில்தானா என்பதையும் பாருங்கள். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விடுங்கள்: பிரேக் ஆயில் கலந்துவிடும், மிதந்தால் யாரோ வேறு ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் ரப்பர் எல்லாம் ஊதிப்போயிருக்கும். மாஸ்டர், வீல் சிலிண்டர் கிட்டுகள், ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றிக் கழுவுவது தவிர வழியில்லை. சரியான ஆயிலும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 வரை விழலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள்.

பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்கும்போது இன்ஜின் அணைந்திருக்கட்டும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்பது வழக்கமான வரிசை. பெடலின் அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பக்கெட் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் அதில் உரசிக் கிழிந்து, நன்றாக இருந்த சிலிண்டரும் அன்றே போய்விடும். வீல் சிலிண்டரின் பிளீடர் திருகில் மாட்டிய ட்யூபில் குமிழ் நின்று, ஆயிலின் நிறம் தெளியும் வரை விடுங்கள்.

டயர் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 28 அங்குலத்துக்குப் பதில் 31 போட்டிருந்தால், அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் நிறுத்து விசை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். முன்னால் டிஸ்க் மாற்றியவர்கள் டிரம்முக்கான பழைய மாஸ்டரையே வைத்திருந்தால் பெடல் தாழும், லைனில் எப்போதும் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் அதிலுள்ள மீதி அழுத்த வால்வால் டிஸ்க் உரசிச் சூடாகவும் செய்யும்.

எல்லாம் முடித்ததும் சமதரையில் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டி, நான்கு டிரம்களின் அருகிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒரே ஆக்ஸிலில் ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால், சுடுவது விடாமல் பிடிக்கிறது அல்லது குளிர்ந்தது வேலையே செய்யவில்லை. அதைத் தீர்த்த பிறகே மாறாமலைப் பாதையில் ஏற்றுங்கள்.